எலும்பும் தோலுமா வந்த நாய்க்குட்டியைத் தேத்துனது

குட்டி ஒல்லியா இருக்குன்னு சொன்னாலே எல்லாரும் மொதல்ல கேக்குறது என்ன சாப்பாடு வைக்கிறீங்கன்னுதான். எங்க பொன்னிக்கு சாப்பாடெல்லாம் ரெண்டாவது விஷயம், மொதல்ல அது வயித்துக்குள்ள இருந்தத வெளியேத்தணும், அப்பறம் எங்க கொல்லையைச் சுத்தம் பண்ணணும், அதுக்கப்பறம்தான் வெச்ச சோறு உடம்புல ஒட்டவே ஆரம்பிச்சுது. இதே மாதிரி குட்டியோட தவிக்கிறவங்களுக்கு உதவுமேன்னு இத எழுதுறேன்.

நாங்க பாபநாசம் பக்கம், குடமுருட்டிக் கரையோரம். ஐப்பசி அடைமழையில வயலுக்குப் போன எங்க வீட்டுக்காரரு வாய்க்கா மதகுகிட்ட நனைஞ்சு கெடந்த குட்டியத் தூக்கிட்டு வந்தாரு, நாட்டு நாய்தான், பொட்டக்குட்டி. முதுகெலும்பு ஒவ்வொண்ணா எண்ணலாம், இடுப்பெலும்பு ரெண்டும் துருத்திட்டு நிக்குது, ஆனா வயிறு மட்டும் உப்பி பெருசா இருக்கு. எங்க அத்தை பாத்துட்டு "சவலை பாய்ஞ்சு போயிருக்குடி, பால ஊத்து தேறிடும்"னாங்க. பக்கத்து வீட்டுல பூண்டு தட்டிக் குடுக்கச் சொன்னாங்க, இன்னொருத்தவங்க ஸ்கூல்ல பிள்ளைங்களுக்குக் குடுக்குற பூச்சி மாத்திரையில பாதிய உடைச்சுக் குடுன்னு சொன்னாங்க. எல்லாரும் நல்ல மனசோடதான் சொன்னாங்க, இருந்தாலும் டாக்டரக் கேக்காம ஒண்ணும் குடுக்க வேணாம்னு மறுநாளே துண்டுல சுத்தி கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போயிட்டோம்.

டாக்டர் பல்லப் பாத்துட்டு ரெண்டு மாசம் இருக்கும்னாரு. எடை 2 கிலோ 400 கிராம். வளந்தா 15 கிலோவுக்கு மேல வர்ற நாட்டு நாய்க்கு அந்த வயசுல இது ரொம்பக் கம்மி. அப்பறம் மேலுதட்டத் தூக்கி ஈறக் காட்டுனாரு. நல்லா இருக்குற குட்டிக்கு ஈறு ரோஸ் கலர்ல இருக்கணும், வெரலால அமுக்கிட்டு எடுத்தா வெளுத்து, ரெண்டு செகண்டுக்குள்ள பழையபடி செவக்கணும். பொன்னிக்கு அமுக்குறதுக்கு முன்னாடியே வெளுத்துப்போய்த்தான் இருந்துச்சு. "ரத்தம் கம்மியா இருக்கும்மா, கொக்கிப்புழுவா இருக்கும், கொஞ்சம் மலம் கொண்டாங்க பாத்துடலாம்"னாரு. சின்ன டப்பாவுல எடுத்துட்டுப் போய்க் குடுத்தோம், மைக்ராஸ்கோப்புல பாத்தா கொக்கிப்புழு முட்டையும் இருக்கு, உருண்டைப்புழு முட்டையும் இருக்கு.

இந்த ரெண்டு புழுவப் பத்தி டாக்டர் பொறுமையா சொன்னாரு. உருண்டைப்புழு தாய் வயித்துல இருக்கும்போதே குட்டிக்கு வந்துடுமாம், கொக்கிப்புழு தாய்ப்பால்லயே வருமாம், அப்பறம் ஈரமண்ணுல இருந்து காலுத்தோல் வழியாவும் ஏறுமாம். அதனாலதான் தெருவுல பொறந்த குட்டி முக்காவாசிக்கும் வயிறு உப்பியே இருக்கு. கொக்கிப்புழு குடலக் கடிச்சுப் பிடிச்சுட்டு ரத்தத்த உறிஞ்சும், உருண்டைப்புழு திங்குற சாப்பாட்டப் பங்கு போட்டுக்கும், அப்பறம் நாம எத்தன கிண்ணம் வெச்சாலும் எங்க ஒட்டும். பூண்டு, வெங்காயம் ரெண்டுமே நாயோட ரத்த அணுவ ஒடைக்கும், ஏற்கெனவே ரத்தமில்லாத குட்டிக்கு அது வெஷம்தான்னு சொன்னாரு. மனுஷங்களுக்குக் குடுக்குற அல்பெண்டசோல் மாத்திரையும் நாய்க்கு எலும்பு மஜ்ஜையப் பாதிக்கலாம், நாமளா ஒடைச்சுக் குடுக்கவே கூடாதுன்னாரு. எங்க தெருவுல நெறைய பேரு இதச் செய்யுறாங்க, தயவுசெஞ்சு செய்யாதீங்க.

எடைய வெச்சு அளவு பாத்து பைரன்டெல் சிரப் குடுத்தாரு, கூடவே இரும்புச்சத்து டானிக். மறுநாள் காலையில கொல்லையில வெள்ளையா நீளமா சுருண்ட புழுங்க மலத்தோட வெளிய கெடந்துச்சு, சிலது நெளிஞ்சிட்டு இருந்துச்சு. அந்தத் தம்மாத்துண்டு வயித்துக்குள்ள இத்தன இருந்துச்சான்னு எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

சாப்பாட்டப் பத்தி டாக்டர் கறாரா சொன்னது, பட்டினி கெடந்த குட்டிக்கு ஒரேடியா வயிறு முட்ட வைக்காதீங்க, கொஞ்சம் கொஞ்சமா நாலு வேளை வைங்கன்னு. மாட்டுப்பால் வேணாம், அதுல இருக்குற சர்க்கரை நெறைய குட்டிக்கு செரிக்காது, கழிச்சல் வந்து இருக்குற எடையும் போயிடும். அத்தைக்கு இது மனசு ஒப்பல, பால் குடிக்காத குட்டி உண்டாடின்னாங்க. கொஞ்சம் தயிர் சோத்துல பெசஞ்சு வெச்சா பரவால்லன்னு டாக்டர் சொன்னதும்தான் சமாதானம் ஆனாங்க.

நாங்க வெச்சது இதுதான். பாக்கெட்ல பப்பின்னு போட்டுருக்குற உலர் தீனி, வெதுவெதுப்பான தண்ணியில ஊற வெச்சு, அதுதான் பெரும்பகுதி. அதுமேல எலும்பில்லாத கோழிக்கறி வேகவெச்சு பிச்சுப் போட்டது, இல்லன்னா ஒரு அவிச்ச முட்டை, கொழைய வடிச்ச சோறு கொஞ்சம், பரங்கிக்காய் வேகவெச்சு மசிச்சது. உப்பு, காரம், வெங்காயம் எதுவும் கெடையாது. புதுத் தீனிய ஒரு வாரமா கொஞ்சங்கொஞ்சமா கலந்து பழக்குனோம், அதனால வயித்தால போகல. நாம சாப்பிட்டு மிச்சம் வெச்ச கொழம்புச் சோத்தப் போட்டு நாய் வளக்குறதுதான் நம்ம ஊரு வழக்கம், அதுல வளர்ற குட்டிக்குத் தேவையான புரதமும் இல்ல சுண்ணாம்புச் சத்தும் இல்ல, வெங்காயம் வேற. வளர்ற குட்டிக்குப் பெரிய நாயவிட கிலோவுக்குக் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு சக்தி வேணும், அது வெறுஞ்சோத்துல எங்க கெடைக்கும். அதுக்காக வெறும் கறியா வெச்சாலும் கால் எலும்பு வளைஞ்சு போகும், கறியில கால்சியம் ரொம்பக் கம்மி. பப்பி தீனி சரியா தின்னா தனியா கால்சியம் டானிக் வேணாம்னும் டாக்டர் சொல்லிட்டாரு, கடையில எல்லாரும் வாங்கச் சொன்னாங்க, நாங்க வாங்கல. கோழி ஈரல் அதுக்கு உசுரு, ஆனா அதுவும் எப்பவாச்சும் ஒரு துண்டுதான், தெனமும் குடுத்தா வைட்டமின் ஏ அதிகமாயிடும்.

வாரா வாரம் எடை போட்டோம். தெரு முனை மளிகைக்கடை அண்ணன் எலக்ட்ரானிக் தராசு வெச்சிருக்காரு, கூடைய மொதல்ல வெச்சு ஜீரோ பண்ணிட்டு அதுக்குள்ள பொன்னிய உக்கார வெப்போம், கடைக்கு வந்தவங்கல்லாம் இன்னைக்கு எவ்வளவுன்னு கேப்பாங்க. மொதல்ல நல்லா ஏறுச்சு, 3 கிலோவத் தாண்டுச்சு, அப்பறம் நின்னுடுச்சு. அதே சாப்பாடுதான், நக்கித் துடைச்சுடுது, தராசுல மட்டும் அசையல. வயிறு மறுபடி லேசா உப்புற மாதிரி தெரிஞ்சுது.

திரும்பவும் மலம் எடுத்துட்டுப் போனோம். கொக்கிப்புழு முட்டை மறுபடியும் இருக்கு. மருந்து குடல்ல இருக்குற புழுவத்தான் கொல்லும், உடம்புக்குள்ள சதையில சுத்திட்டு இருக்குற குஞ்சுப்புழு அப்பறமா குடலுக்கு வந்து பெருசாகும், அதனாலதான் மூணு மாசம் வரைக்கும் ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை, அப்பறம் ஆறு மாசம் வரைக்கும் மாசாமாசம் புழு மருந்து குடுக்கணும்னு டாக்டர் சொன்னாரு. அதோட "குட்டி எங்க வெளிக்கி போகுது"ன்னு கேட்டாரு. வாழைமரத்தடியிலன்னேன். அங்கதான் இருக்கு விஷயம்னாரு.

எங்க கொல்லையப் பத்தி டெல்டாக்காரங்களுக்குச் சொல்லத் தேவையில்ல, குளிக்கிற தண்ணி, பாத்திரம் கழுவுற தண்ணி எல்லாம் வாழைக்குத்தான் போகும், மேல நெழலு, கீழ எப்பவும் ஈரம், மழைக்காலத்துல சொதசொதன்னு கெடக்கும். கொக்கிப்புழு முட்டை பொரிச்சு ஒரு வாரம் போல அந்த ஈரத்துல கெடந்தா அடுத்த உடம்புல ஏறுறதுக்குத் தயாராயிடும். குட்டி அங்கயே போயி அங்கயே மோந்து அங்கயே படுத்துக்கும், நாம மருந்து குடுக்கக் குடுக்க மண்ணு திருப்பிக் குடுத்துட்டே இருக்கும். வெறுங்காலோட நடக்குற பிள்ளைங்க தோலுக்குள்ளயும் அது ஏறும், கோடு கோடா தடிச்சு அரிப்பெடுக்கும்.

அன்னையில இருந்து பொன்னி போன ஒடனே மலத்த அள்ளி தூரமா குழி வெட்டிப் பொதைச்சோம். தண்ணி போற வாய மாத்திவிட்டோம், வாழைச் சருகையெல்லாம் அரிச்சு வெயில் படவிட்டோம், குட்டிய சிமெண்டுக் களத்துப் பக்கம் பழக்குனோம், படுக்கிற சாக்க வாரா வாரம் தொவைச்சுக் காய வெச்சோம். காதுக்குள்ளயும் வெரலிடுக்குலயும் உண்ணி பாத்து எடுத்தோம், மாட்டுக்கொட்டாய் பக்கம் போனா ஒட்டிட்டு வந்துடும். உண்ணிக் காய்ச்சலாலயும் ஈறு வெளுத்துக் குட்டி மெலியும்ங்கிறதால ஒரு தடவை தஞ்சாவூர் வழியா ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிட்டுப் போய் ரத்தமும் பாத்தோம், நல்லவேளை அது இல்ல.

அதுக்கப்பறம் எடை நிக்கவே இல்ல. ஈறு செவந்துச்சு, முடி பளபளன்னு ஆச்சு, அதைவிட விளையாட ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் அந்தக் குட்டி ஓடி நான் பாத்ததே இல்ல. உடம்பு கொஞ்சம் தேறுனதும் தடுப்பூசி ஆரம்பிச்சோம், மூணு மாசம் ஆனதும் வெறிநாய்க்கடி ஊசியும் போட்டாச்சு.

எவ்வளவு தேறுனா போதும்னு கேக்குறவங்களுக்கு, டாக்டர் சொன்ன வழி சுலபமா இருக்கும். கைய மூடி வெரல் முட்டிய இன்னொரு கையால தடவுங்க, குட்டியோட வெலா அப்படி தட்டுப்பட்டா ரொம்ப ஒல்லி. கைய விரிச்சுப் பொறங்கையத் தடவுனா எலும்பு எப்படித் தெரியுதோ அப்படி இருந்தா சரி. கண்ணால மட்டும் பாத்து முடிவு பண்ணாதீங்க, சிப்பிப்பாறை, கன்னி மாதிரி ஓட்ட நாய்ங்களுக்கு நல்லா இருக்கும்போதே வெலா லேசா தெரியும். கொழுகொழுன்னு ஆக்கவும் வேணாம், வளர்ற எலும்புல பாரம் ஏறும்.

இப்ப பொன்னிக்கு அஞ்சு மாசம், 9 கிலோ, மூணு வேளை சாப்பாடு, ஆறு மாசம் ஆனதும் ரெண்டு வேளையா கொறைக்கணும். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வாசல்ல அதே மாதிரி வயிறு உப்புன குட்டிங்க ரெண்டு சுத்திட்டு இருக்கு, டீக்கடை அக்காகிட்டப் பேசி வர்ற திங்கக்கெழமை ரெண்டையும் டாக்டர்கிட்டத் தூக்கிட்டுப் போறதா இருக்கோம்.