அடைக்கோழிக் கணக்கு: சடையங்குப்பம் நாட்குறிப்பு

2 பிப்ரவரி 2025, ஞாயிறு

மூன்றாவது சேவல் வந்துவிட்டது. பழவேற்காட்டுப் பக்கம் ஒரு வீட்டில் தலைமுறையாக வளர்க்கும் சிறுவிடை, சின்ன உடம்பு நாட்டுக்கோழி. மூன்று சேவலுக்கும் மூன்று குடும்பம்; மஞ்சள், சிவப்பு, நீலம் என்று குடும்பத்துக்கு ஒரு நிறம். இதன் காலில் நீல கேபிள் டை கட்டி, பின்பக்கத் தனிக்கூண்டில் விட்டிருக்கிறேன். மூன்று வாரம் அங்கேதான். வெளியிலிருந்து வரும் கோழி பார்க்க நன்றாக இருந்தாலும் நோயை உள்ளே வைத்திருக்கலாம்.

இந்தச் சேவலுக்காக ஏன் இவ்வளவு அலைந்தேன் என்பதை எழுதி வைக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொசஸ்தலையாற்று வெள்ளம் எண்ணெய்ப் படலத்தோடு வாசலுக்குள் ஏறியது. இருந்தவை முப்பத்தொன்று. மாடிப்படியில் ஏறி நின்ற ஒரு சேவலும் நான்கு பெட்டைகளும்தான் மிஞ்சின. அடுத்த வருடம் பிறந்த குஞ்சுகளுக்கெல்லாம் அப்பன் ஒருவனே.

கணக்குப் போட்டால் வயிறு கலங்கும். ஒரு சேவலும் பன்னிரண்டு பெட்டைகளும் இருந்தால், ஒவ்வொரு தலைமுறைக்கும் ரத்த நெருக்கம் (சொந்தத்துக்குள்ளேயே இனம் சேர்வது) சுமார் 13.5 சதவீதம் ஏறும். பெட்டைகளை இருபத்துநான்கு ஆக்கினாலும் 13 சதவீதம். அதே பன்னிரண்டு பெட்டைகளுக்கு மூன்று சேவல்கள் இருந்தால் 5.2 சதவீதம். பெட்டையை எவ்வளவு பெருக்கினாலும் சேவல் ஒன்றென்றால் பயனில்லை. ரத்த நெருக்கம் ஏற ஏற முட்டை பொரிப்பது குறையும், குஞ்சு நோஞ்சானாகும்.

14 பிப்ரவரி, வெள்ளி

கருப்பி அடைக்கு உட்கார்ந்துவிட்டது. நேற்றே உடம்பை உப்பிக்கொண்டு, கையை நீட்டினால் கொத்தியது. ஆயா சொல்லிக்கொடுத்த மாதிரியே பழைய பிரம்புக்கூடையில் மணல், மேலே வைக்கோல், ஓரத்தில் ஒரு இரும்பாணி, இரண்டு காய்ந்த மிளகாய். இடி இடித்தால் கரு கலங்காமல் இருக்க இரும்பு என்பார் ஆயா. அவர் கைக்கு முட்டை தவறாமல் பொரித்தது, அதனால் நானும் ஆணியை விடுவதில்லை.

முட்டை பதினொன்றுதான் வைத்தேன். சிறுவிடையின் உடம்பு சின்னது, கூட இரண்டு வைத்தால் ஓரத்து முட்டை மாறி மாறிக் குளிர்ந்து எல்லாமே கெடும். ரொம்பப் பழைய முட்டை ஒன்றும் இல்லை. எதையும் கழுவவில்லை. ஓட்டின் மேல் இருக்கும் மெல்லிய படலம் போய்விட்டால் கிருமி உள்ளே இறங்கிவிடும்.

வெள்ளச்சியைப் பற்றியும் எழுத வேண்டும். இருபத்திரண்டு முட்டை தொடர்ந்து இட்டிருக்கிறது, இன்னும் அடைக்கு உட்காரவில்லை. மந்தையில் அதிகம் முட்டை இடுவது அதுதான். அந்த முட்டைகளை இன்குபேட்டரில் வைத்தால் ஒரே மாதத்தில் இருபது குஞ்சு பார்க்கலாம். ஆனால் அடை உட்காராத கோழியின் வாரிசு அப்படித்தான் பெருகும். இயற்கையில் அடை உட்காராத கோழிக்குக் குஞ்சு கிடையாது, அந்தக் குணம் அதோடு முடிந்துபோகும். மெஷின் வந்த பிறகு அந்தச் சல்லடை இல்லை. லெகார்ன் வருடத்துக்கு முந்நூறு முட்டை வரை இடும், ஆனால் அடை உட்காருவதை ஏறக்குறைய மறந்தேவிட்டது. கரண்ட் போனால் இனம் நின்றுபோகிற கோழியை நான் உருவாக்க விரும்பவில்லை. வெள்ளச்சியின் முட்டை வீட்டுச் சமையலுக்கு மட்டும்.

21 பிப்ரவரி, வெள்ளி

இருட்டியபின் செல்போன் டார்ச்சை அட்டைக்குழாயில் வைத்துப் பார்த்தேன். ஒன்பதில் சிவப்பு நரம்பு சிலந்திக்கால் மாதிரி ஓடுகிறது. இரண்டு கூமுட்டை, எடுத்துவிட்டேன்.

2 மார்ச், ஞாயிறு

தண்டையார்பேட்டை மாமா வந்திருந்தார். கூண்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, எல்லாம் புறா சைஸ்ல கீது? ஒரு பெருவிடை சேவல வுட்டுப் பாரு, சும்மா ரெண்டு கிலோ நிக்கும்" என்றார்.

"நிக்கும் மாமா. ஆனா அதுக்கப்புறம் அது சிறுவிடை இல்ல" என்றேன்.

நான் வாங்கும் செங்குன்றம் மண்டி நொய்யும் தவிடும், குப்பையில் கிளறும் புழுவும் பூச்சியுமே இந்த உடம்புக்குப் போதும். பெரிய கோழிக்குப் போதாது. எடை கூட்டுவதை மட்டும் அபிவிருத்தி என்று நினைக்கும் பழக்கம் எங்கும் இருக்கிறது, எனக்கு அது பிடிக்கவில்லை. மாமா கோபித்துக்கொள்ளவில்லை, போகும்போது இரண்டு முட்டை கேட்டு வாங்கிப்போனார்.

7 மார்ச், வெள்ளி

எட்டு! ஒன்று ஓட்டிலேயே இறந்துவிட்டது, மூக்கால் குத்தித் துளை போட்டும் வெளியே வர முடியவில்லை. காலையில் கருப்பியின் இறக்கைக்கு அடியிலிருந்து எட்டு மூக்குகள். இருபத்தோராம் நாள், பிசகே இல்லை.

14 மார்ச், வெள்ளி

ஏழாம் நாள் லசோட்டா, வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து. ஐஸ் போட்ட பிளாஸ்கில் கொண்டுவந்து ஒவ்வொன்றின் கண்ணிலும் ஒரு சொட்டு. வெள்ளைக்கழிச்சல் வந்தால் ஒரே வாரத்தில் கொட்டகை காலி, இதில் மட்டும் நாள் தள்ளக் கூடாது. பெரிய கோழிகளுக்கு பிப்ரவரி முகாமிலேயே ஊசி போட்டாயிற்று.

30 மார்ச், ஞாயிறு

காகம் இரண்டைத் தூக்கிவிட்டது. ஆறு. கூண்டின் மேல் பழைய மீன்வலையை விரித்துக் கட்டினேன். காசிமேட்டிலிருந்து வாங்கிய கருவாட்டுத் தூளில் உப்பு அதிகம், குஞ்சுகளுக்கு எச்சம் நீராகப் போனது. இனி ஊறவைத்து, தண்ணீரை வடித்துக் காயவைத்துத்தான்.

23 ஏப்ரல், புதன்

மாலையில் கருப்பி குஞ்சுகளைக் கொத்தி விரட்டியது. நாற்பத்தேழாம் நாள்.

நோட்டில் மற்ற கோழிகள் குஞ்சைப் பிரித்து விரட்டிய நாட்கள்: 78, 81, 63, 74. இந்தப் பத்தியைத்தான் ஒரு வருடமாக நிரப்பிக்கொண்டிருக்கிறேன். வருடத்துக்கு மூன்று ஈடு, நான்கு ஈடு (ஒரு தடவை தொடர்ந்து இடும் முட்டைகள் ஒரு ஈடு) என்று நாட்டுக்கோழியின் முட்டை குறைவதற்கு, அது குஞ்சோடு திரியும் காலம் பெரிய காரணம். அடைக்கோழியைத் தண்ணீரில் முக்கி, மூக்கில் இறகைச் சொருகி அடையைத் தெளியவைப்பார்கள். அதைப் பார்க்கவே எனக்குப் பொறுக்காது. அடை உட்காரட்டும், பொரிக்கட்டும், ஆனால் குஞ்சுக்கு இறகு மூடியதும் பிரித்து அனுப்பட்டும். அப்படிப்பட்ட கோழிகளைப் பொறுக்கிக்கொண்டே போனால், அடைக் குணம் போகாமல் முட்டை கூடும் என்பது என் நம்பிக்கை.

ஒரு கோழி சீக்கிரம் பிரித்தது குணமா, தற்செயலா என்று ஒரு தடவையில் சொல்ல முடியாது. அதன் மகள்களைப் பார்க்க வேண்டும்.

4 மே, ஞாயிறு

கத்திரி தொடங்கியது. வெயில் ஏறுமுன் ஐந்தரைக்கே ஆறு குஞ்சுகளுக்கும் இறக்கையடியில் தடுப்பூசி, எட்டு வாரத்து ஊசி. கொண்டை வைத்துப் பார்த்ததில் நான்கு விடை (பெட்டைக்குஞ்சு), இரண்டு சேவல். மதியம் எல்லாம் வாயைப் பிளந்து இரைத்தன. தண்ணீர்த் தொட்டியை வேப்பமரத்தடிக்கு மாற்றி, கூரைமேல் தென்னங்கீற்றுப் போட்டேன். நீல டை சேவல் மட்டும் நிழலுக்கு வராமல் வேலியோரமே நின்றது, கையில் தூக்கிக்கொண்டு வந்தேன்.

9 மே, வெள்ளி

கருப்பி முட்டை இட்டது.

18 மே, ஞாயிறு

கருப்பியின் கூடையில் ஏழாவது முட்டை.

இரண்டு சேவல்குஞ்சுகளில் கால் நேராக, மார்பு நிமிர்ந்து நிற்பதைத் தேர்ந்தெடுத்து மஞ்சள் டையோடு சிவப்பு டையும் சேர்த்துப் போட்டேன். மஞ்சள் குடும்பத்து மகன் வளர்ந்ததும் சிவப்புப் பெட்டைகளிடம் போகும், சிவப்பின் மகன் நீலத்துக்கு, நீலத்தின் மகன் மஞ்சளுக்கு. பெட்டைக்குஞ்சுகள் பிறந்த குடும்பத்திலேயே இருக்கும். சேவல் மாற்றியபின் மூன்று வாரத்து முட்டையை அடைக்கு வைக்கக் கூடாது, பழைய சேவலின் விந்து பெட்டையின் உடம்பில் அத்தனை நாள் தங்கும். இதை நோட்டின் அட்டையிலேயே எழுதி ஒட்டினேன்.

நான்கு விடைகளையும் மணலியிலிருந்து ஒரு அக்கா கேட்டார், நல்ல விலையும் சொன்னார். தரவில்லை. கருப்பியின் பக்கத்தில் நான்கு புதுக் கோடுகள் போட்டு, 'பிரித்த நாள்' பத்தியைக் காலியாக விட்டிருக்கிறேன்.