பனி அரிதாகப் பெய்யும் ஊரில் வண்டிகளை அனுப்பும் வேலை

நோயாளிகளின் வீடுகளுக்கு ஆக்சிஜன் உருளைகளையும் சுவாசக் கருவிகளையும் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஓட்டுநர்களுக்கு, எந்த வண்டி எந்த வழியாக எத்தனை மணிக்குப் புறப்பட வேண்டும் என்று வகுத்துக் கொடுப்பதே பல ஆண்டுகளாக என் வேலை. எங்கள் பகுதியில் ஆண்டுதோறும் பனி பெய்வதில்லை. சில குளிர்காலங்கள் வெறும் மழையோடு முடிந்துவிடும். பெய்கிற ஆண்டிலும் ஓரிரு நாள்களில் எல்லாம் கரைந்து சாலை பழையபடி ஆகிவிடும். அந்த ஓரிரு நாள்கள்தான் எனக்கு ஆண்டின் மிகக் கடினமான நாள்கள். அப்படிப்பட்ட ஒரு நாளில் ஓர் ஓட்டுநர் நல்லபடியாக வீடு திரும்புவது அவருடைய கைத்திறமையைவிட, முந்தைய நாள் பிற்பகலில் அலுவலகத்தில் எடுக்கப்படும் முடிவுகளையே பெரிதும் சார்ந்திருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கடும் பனி பெய்யும் நாடுகளில் வாழ்ந்துவிட்டு இங்கு வேலைக்குச் சேர்ந்தவர்கள், இரண்டு அங்குலப் பனிக்கு இவ்வளவு பதற்றமா என்று முதலில் வியப்பார்கள். அவர்களுடைய அனுபவத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் பழகிய பனியும் எங்கள் பனியும் வேறு வேறு. கடுங்குளிரில் இறுகிய பனியின் மேல் டயருக்கு ஓரளவு பிடிப்புக் கிடைக்கும். எங்கள் பகுதியிலோ வெப்பநிலை பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டியே ஏறி இறங்குகிறது. பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, தாரின் கருநிறம் அப்படியே தெரியும்படி மெல்லிய பனிக்கட்டிப் படலமாகச் சாலையில் படிகிறது. விடிந்ததும் அதன் மேற்பரப்பு இலேசாக ஈரமாகும்போது வழுக்கல் உச்சத்தை அடைகிறது. உலர்ந்த சாலையில் மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் செல்லும் வண்டி, பிரேக்கை அழுத்திய பின் ஏறத்தாழ 15 மீட்டரில் நின்றுவிடும். அந்தப் படலத்தின் மேல் அதே வண்டி 100 மீட்டர் வரைகூடச் சறுக்கிக்கொண்டே போகும். கோடைக்கால டயர்களின் ரப்பர் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகத் தொடங்கி, இருக்கும் பிடிப்பையும் இழக்கிறது. ஆண்டுக்கு ஓரிரு நாளுக்காகக் குளிர்கால டயர் வாங்கி வைப்பவர் எங்கள் பகுதியில் அநேகமாக யாருமில்லை. பனியை வாரித் தள்ளும் வண்டிகளும் உப்புத் தூவும் வண்டிகளும் விரல்விட்டு எண்ணத்தக்க அளவே இருப்பதால், அவை முதன்மைச் சாலைகளை முடித்துக் குடியிருப்புத் தெருக்களுக்கு வருவதற்குள் பனி தானாகவே கரைந்துவிடும்.

2014 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் அட்லாண்டா நகரில் நடந்ததை, எங்கள் பணியில் புதிதாகச் சேரும் ஒவ்வொருவருக்கும் நான் சொல்கிறேன். அன்று அங்கே பெய்த பனி ஏழு சென்டிமீட்டருக்கும் குறைவுதான். ஆனால் பனி விழத் தொடங்கியதும் பள்ளிகள், அரசு அலுவலகங்கள், தனியார் நிறுவனங்கள் எல்லாம் நண்பகலை ஒட்டி ஏறக்குறைய ஒரே வேளையில் மக்களை வீட்டுக்கு அனுப்பின. அத்தனை வண்டிகளும் ஒன்றாகச் சாலையில் இறங்கியதால் நெரிசல் உறைந்து நின்றது; டயர்களின் அடியில் நசுங்கிய பனி கட்டியாக இறுகியது; உப்புத் தூவ வேண்டிய வண்டிகளும் அதே நெரிசலில் மாட்டிக்கொண்டன. பலர் அன்றிரவைச் சாலையிலேயே கழித்தார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் பள்ளிகளிலேயே உறங்கினார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் ஓட்டுநர்களிடம் போவதில்லை. எத்தனை மணிக்கு எல்லோரையும் அனுப்பலாம் என்று அந்த அலுவலகங்களில் அமர்ந்து முடிவு செய்தவர்களிடம்தான் போகிறது. அவர்கள் ஒரு நாள் முன்னதாகவே விடுமுறை அறிவித்திருந்தாலோ, ஆள்களைப் பிரித்து வெவ்வேறு நேரங்களில் அனுப்பியிருந்தாலோ அந்த இரவு வேறுவிதமாக இருந்திருக்கும்.

டெக்சாஸ் மாநிலத்தின் ஃபோர்ட் வொர்த் நகரில் 2021 பிப்ரவரி 11 அன்று அதிகாலையில் நடந்த விபத்து இதைவிடக் கொடியது. அங்கே பனிப்பொழிவு என்று சொல்லும்படி எதுவுமே இல்லை. குளிர்ந்த சாலையின் மேல் விழுந்த மெல்லிய தூறல் உறைந்து கண்ணுக்குத் தெரியாத படலமாகப் படிந்திருந்தது. ஒன்றன்பின் ஒன்றாகச் சுமார் 130 வண்டிகள் மோதிக்கொண்டதில் ஆறு பேர் உயிரிழந்தார்கள். சாலையில் இருந்தவர்களில் மருத்துவமனைப் பணியாளர்கள் உட்பட அதிகாலை வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் பலர். எங்களைப் போன்றோருடைய முதல் வண்டியும் அதே வேளையில்தான் கிளம்பும் என்பதால், அந்த விபத்தை வேறொரு ஊரின் செய்தியாக என்னால் எடுத்துக்கொள்ள முடியவில்லை.

ஆக்சிஜனைப் பொறுத்தவரை, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட இயலாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கருவிக்கு மின்சாரம் வேண்டும். மரக்கிளைகளிலும் கம்பிகளிலும் பனிக்கட்டி ஏறிவிட்டால் முதலில் போவது மின்சாரம்தான். ஆகவே பயணத்தைக் கைவிடுவதைவிட முன்னுக்குக் கொண்டுவருவதே எங்கள் வழியாயிற்று. இரவில் உறைநிலை வரும் என்று வானிலை அறிவிப்பு வந்தவுடன், கருவியை முழுநேரமும் நம்பியிருக்கும் நோயாளிகளின் பட்டியலை எடுத்து, அவர்கள் ஒவ்வொருவரிடமும் மாற்று உருளையில் எத்தனை மணி நேரத்துக்கு ஆக்சிஜன் இருக்கிறது என்று தொலைபேசியில் கேட்டுவிடுகிறோம். குறைவாக இருப்பவர்களுக்கு அன்று மாலைக்குள், சாலை ஈரமாக மட்டும் இருக்கும்போதே, கூடுதல் உருளைகள் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. மறுநாள் முதல் வண்டி சூரியன் ஏறிய பிறகே புறப்படும். இந்த ஏற்பாட்டுக்கு மாலையில் கூடுதல் ஆள்கள் வேண்டும், அதற்குச் செலவும் ஆகும். சில முறை அறிவித்தபடி பனி வராமலேயே போகும். அந்தச் செலவை வீண் என்று நான் ஒருபோதும் கருதியதில்லை.

வழித்தடத்தை வகுக்கும்போது மேம்பாலங்களையும் ஆற்றுப் பாலங்களையும் இயன்றவரை ஒதுக்கிவிடுகிறேன். தரையின் வெப்பம் பாலத்துக்குக் கிடைப்பதில்லை, குளிர்காற்று அதன் அடியிலும் வீசுகிறது. அதனால் சாதாரணச் சாலை வெறும் ஈரமாக இருக்கும்போதே பாலம் உறைந்துவிடும். வண்டியின் திரையில் தெரிவது காற்றின் வெப்பநிலை மட்டுமே. அது 2 அல்லது 3 டிகிரி என்று காட்டும்போதும் தெளிந்த வானத்தின் கீழ் சாலைப் பரப்பு உறைநிலைக்குப் போயிருக்கலாம்.

ஓட்டும் முறையைப் பற்றி நான் அதிகம் சொல்வதில்லை. அறிந்தவர்கள் எங்களிடம் இருக்கிறார்கள். ஆனால் எஞ்சினின் விசையை நான்கு சக்கரங்களுக்கும் தரும் நால்சக்கர இயக்கம் கிளம்புவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், ஏனென்றால் பெரிய வண்டியைக் கையில் பிடித்ததும் வருகிற துணிச்சல்தான் எனக்கு அச்சமூட்டுகிறது. பிரேக் பிடிக்கும்போது சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் அமைப்பு உள்ள வண்டியில் பிரேக் அதிர்ந்தாலும் காலை எடுக்கக் கூடாது. வேகத்தைத் தானாக ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடவே கூடாது. வண்டி பின்புறம் வழுக்கினால் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்து ஸ்டியரிங்கை மெதுவாகத் திருப்ப வேண்டும். உறைந்த முன்கண்ணாடியில் வெந்நீரை ஊற்றினால் அது விரிசல் விடக்கூடும். பனியில் சிக்கி எஞ்சினை ஓட விட்டு அமர்ந்திருப்பவர்கள் புகை வெளியேறும் குழாயை அடிக்கடி பார்த்துச் சுத்தம் செய்ய வேண்டும். அது அடைபட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே நிறைந்து, வாசனை ஏதும் இல்லாமலேயே உயிரைப் பறித்துவிடும்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருப்பது, கடமையுணர்வு மிகுந்த ஓட்டுநரைத் திரும்பி வரச் செய்வதுதான். மூத்த ஓட்டுநர் ஒருவர் ஒரு முறை பாலத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்திவிட்டு என்னை அழைத்தார். "பாலத்தைத் தாண்டினால் அந்தப் பாட்டியம்மா வீடுதான், மெதுவாகப் போய்விடுகிறேன்" என்றார். அந்தப் பாட்டியம்மாவிடம் அன்றிரவுக்குப் போதுமான ஆக்சிஜன் இருப்பதை முந்தைய நாளே உறுதி செய்திருந்ததால், திரும்பி வந்துவிடுங்கள் என்று தயக்கமின்றி என்னால் சொல்ல முடிந்தது. அந்தப் பட்டியல் கையில் இல்லையென்றால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கவே அச்சமாக இருக்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் எங்களிடையே தீராமல் நிற்பது ஊதியம் பற்றிய கேள்வி. நாள் கணக்கில் சம்பளம் பெறுகிறவர், வண்டி கிளம்பாத நாளில் பணத்தை இழக்கிறார் என்றால், அவர் சாலையின் நிலையைப் பார்த்து மட்டும் முடிவெடுப்பார் என்று நாம் எதிர்பார்க்க முடியாது. உறைநிலை எச்சரிக்கையால் நிறுத்தப்படும் பயணத்துக்கும் முழு ஊதியம் உண்டு என்பதையும், சாலையில் நின்றுகொண்டு திரும்புகிறேன் என்று சொல்லும் ஓட்டுநரின் முடிவை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பதையும் எழுத்தில் தர வேண்டும் என்று நிர்வாகத்திடம் கேட்டிருக்கிறோம். இரண்டாவது கோரிக்கைக்கு ஒப்புதல் கிடைத்துவிட்டது. முதலாவதற்காக, அடுத்த குளிர்காலம் தொடங்குவதற்குள் மீண்டும் போய்ப் பேச இருக்கிறோம்.