எம்ஜிபியில் ஹீட்டர் பெட்டி திரும்ப ஏறுகிறது

2024 நவம்பர் 2, சனி

இன்ஜின் இன்னும் ஸ்டாண்டில்தான் நிற்கிறது. போனட்டும் கழற்றி வைத்தபடியே இருக்கிறது. 1970 எம்ஜிபி என்கிற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் ஹீட்டர் பெட்டியை ஏற்ற இதைவிட நல்ல நேரம் வராது. இன்ஜினுக்குப் பின்னால், பல்க்ஹெட்டில் (இன்ஜினுக்கும் காரின் உள்பக்கத்துக்கும் நடுவில் இருக்கும் தடுப்பில்) இருக்கும் மேடையில்தான் அது உட்கார வேண்டும். இன்ஜின் உள்ளே போய்விட்டால் அந்த இடத்தில் குனிவதே பெரிய பாடு.

எம்ஜிபி 1962-இல் வந்தபோது ஹீட்டரே கூடுதல் பணம் கட்டி வாங்க வேண்டிய பொருளாக இருந்தது. அதனாலோ என்னவோ, பழைய வண்டியைப் புதுப்பிக்கிறவர்களில் பலர் இதைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. தண்ணீர், காற்று, கேபிள், மின்சாரம் நான்கும் சேர்கிற இடம் இது. ஒன்று சொதப்பினாலும் பெட்டி முழுவதையும் வெளியே எடுக்க வேண்டியிருக்கும். அதனால் மேஜைமேல் சரிபார்க்காத எதுவும் பல்க்ஹெட்டுக்குப் போகக் கூடாது.

இன்று கோரை, அதாவது ஹீட்டருக்குள் சூடான தண்ணீர் ஓடும் சின்ன ரேடியேட்டரை, சோதித்தேன். செம்பும் பித்தளையும் ஈயப்பற்று வைத்துச் செய்த பழைய கோர். முதலில் மெல்லிய ஓட்டத்தில் இரண்டு பக்கமும் மாற்றி மாற்றித் தண்ணீர் விட்டேன். துரு நிறத்தில் வந்துகொண்டே இருந்தது. தெளிந்த பிறகு ஒரு குழாயை அடைத்து, மறுகுழாயில் கைப்பம்பு வைத்து, சுமார் 0.7 பார் வரை காற்று ஏற்றி வாளித் தண்ணீரில் அமுக்கிப் பார்த்தேன். ஒரு குமிழிகூட இல்லை. ஹீட்டர் கோர் கசிந்தால் அந்தக் கூலன்ட் வண்டிக்குள்தான் வரும்: இனிப்பான வாசனை, கண்ணாடியின் உள்பக்கம் துடைத்தாலும் போகாத பிசுக்கு, ஈரமான கார்பெட். கூலன்ட்டில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் விஷம் வேறு. இந்த ஒரு சோதனையை யாரும் தவிர்க்கக் கூடாது.

நவம்பர் 3, ஞாயிறு

மோட்டார். பேட்டரியில் நேரடியாகக் கொடுத்தால் சுற்றுகிறது, ஆனால் கிறீச்சென்று சத்தம். பிரித்து, கார்பன் தூளைத் துடைத்து, கம்யூட்டேட்டரை (கார்பன் பிரஷ் உரசும் செம்பு வளையம்) மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, தண்டு சுற்றும் புஷ்ஷில் எண்ணெய் விட்டதும் அமைதியாகிவிட்டது.

சுற்றும் திசையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 1967 வரை வந்த எம்ஜிபிகளில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். அதற்குப் பின் நெகட்டிவ். பழைய வண்டியை நெகட்டிவுக்கு மாற்றியவர்கள் ஹீட்டர் மோட்டாரை மறந்துவிடுவது உண்டு. உள்ளே நிரந்தரக் காந்தம் இருக்கிற மோட்டார் என்றால் இரண்டு வயரும் மாறும்போது அது எதிர்ப்பக்கம் சுற்றும். சத்தம் வரும், காற்று வராது. என் வண்டி பிறப்பிலேயே நெகட்டிவ் எர்த். இருந்தாலும் காகிதத் துண்டைப் பிடித்துக் காற்று போகும் பக்கத்தைப் பார்த்துவிட்டுத்தான் மூடினேன்.

நவம்பர் 9, சனி

பெட்டிக்குக் கறுப்பு பெயின்ட் நன்றாகக் காய்ந்துவிட்டது. பளபளப்பு வேண்டாம் என்று அரை மினுக்கு எடுத்தேன், பழையதோடு அதுதான் ஒத்துப்போகிறது. முன் தட்டைப் பிடிக்கும் ஸ்பிரிங் கிளிப்புகளையும் துரு நீக்கிப் பழையதையே போட்டேன்.

ஆனால் நாளின் பெரும்பகுதி ஃபோமுக்குத்தான் போனது. பெயின்ட்டை எல்லோரும் பார்ப்பார்கள், ஃபோமை யாரும் பார்க்க மாட்டார்கள். ஹீட்டர் சூடாக இருக்குமா என்பதை முடிவு செய்வது ஃபோம். கோரைச் சுற்றி இடைவெளி இருந்தால் காற்று சுலபமான வழியைத்தான் பிடிக்கும். தகடுகளுக்குள் நுழையாமல் ஓரமாக வழிந்து, குளிர்ந்தபடியே கண்ணாடிக்குப் போகும். "எம்ஜிபி ஹீட்டர் சுமார்தான்" என்ற பேச்சில் பாதியாவது இந்த ஓரத்து ஓட்டைகளால் வந்தது என்றுதான் நினைக்கிறேன். கோரின் நான்கு பக்கமும் உள்ளே அசையாதபடி ஃபோம் பட்டை வைத்தேன். காற்றைத் திருப்பும் மடிப்புக் கதவின் ஓரத்திலும் பழையது பொடிப்பொடியாக உதிர்ந்திருந்தது. சுரண்டிவிட்டுப் புதிது ஒட்டினேன். நீர் உறிஞ்சாத, மூடிய துளைகள் கொண்ட ஃபோம் மட்டுமே இங்கே ஆகும். பஞ்சு மாதிரியான ஃபோம் ஈரத்தைப் பிடித்து வைத்து மறுபடியும் துருவைக் கொண்டுவரும்.

நவம்பர் 10, ஞாயிறு

பெட்டியை ஏற்றும் முன் ஒரே ஒரு வேலை: கண்ணாடிக்கு முன்னால் இருக்கும் காற்றுக் கிரில் வழியாக இறங்கும் மழைநீர் வெளியேற ஒரு வடிகால் குழாய் இருக்கிறது. அதில் இலைச் சருகு அடைத்தால் தண்ணீர் அங்கேயே தேங்கி மேடையை அரிக்கும். பழைய குழாயிலிருந்து கருப்புச் சேறாக வந்தது. புதுக் குழாய் போட்டு, மேலிருந்து ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினேன். நேராகக் கீழே வந்தது.

நவம்பர் 16, சனி

இன்று ஏற்றினோம். தம்பி உள்ளே டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டான், நான் இன்ஜின் பக்கம்.

பெட்டியின் அடிப்பகுதி பல்க்ஹெட் துளை வழியாகக் காருக்குள் இறங்க வேண்டும். புது ஃபோம் தடிமனாக இருப்பதால் துளையின் விளிம்பில் மாட்டிக் கிழியப் பார்க்கும். இதற்கு மெல்லிய பிளாஸ்டிக் தாளை விளிம்பில் விரித்து, அதன்மேல் பெட்டியை வழுக்கவிட்டு, உட்கார்ந்ததும் தாளை உருவிவிட்டால் போதும். அப்படியும் முன்பக்கம் சற்றுத் தூக்கியே நின்றது. "அண்ணா, இன்னும் கொஞ்சம் உன் பக்கம் இழு, இந்த மூலை தட்டுது" என்று தம்பி உள்ளிருந்து சொன்னபடி அசைத்ததும் தொப்பென்று உட்கார்ந்தது.

ஸ்க்ரூக்களை எல்லாம் கையால் தொடக்கம் மட்டும் கொடுத்துவிட்டு, ஃபோம் சமமாக அமுங்கும்படி எதிரெதிராக முடுக்கினேன். ஒரு பக்கத்தை முதலிலேயே இறுக்கிவிட்டால் மறுபக்கத்துத் துளைகள் சேராது. கண்ணாடிக்குப் போகும் இரண்டு டியூப்களையும் தம்பியே கீழிருந்து செருகிவிட்டான். கை நுழையாத இடம் அது. எர்த் வயர் மாட்டும் இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி உலோகம் தெரியும்படி செய்தேன்.

நவம்பர் 17, ஞாயிறு

கேபிள்கள். காற்றுக் கதவுக்குப் போகும் கேபிளின் ஒரு முனையில் டேஷ்போர்டுக் குமிழை அது முட்டி நிற்கும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் வைத்து, மறுமுனையில் கதவு முழுதாக மூடியிருக்கும்போது கிளாம்பை இறுக்க வேண்டும். குமிழ் முதலில் நின்றுவிட்டால் கதவு பாதியில் நிற்கும்; குமிழ் நிற்கும் முன்பே கதவு முழுதாக மூடிவிட வேண்டும். சூட்டைக் கூட்டும் வால்வு இன்ஜின் தலைப்பகுதியில் இருப்பதால் அந்தக் கேபிளைச் சுருட்டி ஓரமாகக் கட்டி வைத்தேன்.

டிசம்பர் 14, சனி

இன்ஜின் ஏறிவிட்டது. தலைப்பகுதியில் புது கேஸ்கெட்டோடு வால்வு, புது ஹோஸ்கள், கிளாம்புகள் எல்லாம் வைத்தாயிற்று. கூலன்ட் ஊற்றும்போது வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். மூடியிருந்தால் கோருக்குள் காற்று சிறைப்பட்டுவிடும், ரேடியேட்டர் நிரம்பிவிட்டதாகத் தெரியும். வண்டியின் முன்பக்கத்தை ஜாக்கில் கொஞ்சம் உயர்த்தி, மெதுவாக ஊற்றி, ஹோஸ்களைக் கையால் அமுக்கி அமுக்கிக் காற்றை வெளியேற்றினேன்.

ஸ்டார்ட் செய்து சூடேறியதும் முதலில் ஹீட்டருக்குப் போகும் ஹோஸ் சுட்டது, அப்புறம் திரும்பி வரும் குழாயும் சுட்டது. இரண்டும் சூடென்றால் தண்ணீர் ஓடுகிறது என்று அர்த்தம். ஃபேனைப் போட்டேன். கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே அளவில் சூடான காற்று மோதியது. கால் பக்கம் கையால் திறக்கும் சின்னக் கதவுகளும் இறுக்கமாக மூடுகின்றன. தம்பி கையை அங்கேயே நீட்டி வைத்திருந்தான், எடுக்க மனமில்லை.

டிசம்பர் 15, ஞாயிறு

வண்டி முழுதாக ஆறிய பிறகு எல்லாக் கிளாம்பையும் மறுபடி முடுக்கினேன். புது ரப்பர் ஒரு முறை சூடானதும் சற்று அமுங்கும். கூலன்ட் அளவு கொஞ்சம் இறங்கியிருந்தது, சரி செய்தேன். தரையில் விரித்த அட்டையில் ஒரு சொட்டும் இல்லை. அடுத்த வாரம் கன்சோலும் கார்பெட்டும்.