வெங்காயத்தாமரையை அள்ளியாச்சு, குவியலை எங்கே போடுவது?

ஏரியை மூடிக் கிடந்த வெங்காயத்தாமரையை ஒருவழியாக அள்ளி முடித்தாயிற்று. அள்ளுவதில் பெரிய சூட்சுமம் எதுவும் கிடையாது. ஆளும் கயிறும் வாரியும் இருந்தால் வேலை நடந்துவிடும். அதற்கு முன்னால் பட்ட அலைச்சலும், அள்ளிய மூன்றாவது வாரமே அது திரும்பி வந்து நின்றதும்தான் இன்னும் வயிற்றெரிச்சல்.

அள்ள அனுமதி கேட்டுக் கொடுத்த முதல் மனு செடியின் பெயரிலேயே திரும்பியது. மனுவில் வெங்காயத்தாமரை, ஆய்வுக்கு வந்தவர் எழுதிக்கொண்டு போன குறிப்பில் ஆகாயத்தாமரை. “ரெண்டும் ஒண்ணா, வேற வேறயா? தெளிவா எழுதிட்டு வாங்க” என்று எழுத்தர் காகிதத்தைத் திருப்பித் தள்ளிவிட்டார். எரிச்சலாக இருந்தாலும் கேள்வியில் நியாயம் உண்டு. சித்த மருத்துவத்தில் ஆகாயத்தாமரை என்பது முட்டைக்கோஸ் போலக் குவிந்து மிதக்கும் வேறு செடி. ஏரிகளை மூடுவது இலைக்காம்பு வெங்காயம் போலப் புடைத்து, ஊதாப் பூ பூக்கும் தென் அமெரிக்கச் செடி. பேச்சுவழக்கில் இரண்டு பெயரும் இரண்டுக்கும் ஓடுகிறது. போதாததற்குத் தாவரவியலிலும் ஐக்கோர்னியா கிராசிபெஸ் என்று இருந்ததைப் பொன்டெடீரியா கிராசிபெஸ் என்று மாற்றிவிட்டார்கள். நான்கு பெயரையும் எழுதி, புடைத்த காம்பு தெரிகிற மாதிரி ஒரு படத்தையும் ஒட்டிக் கொடுங்கள். ஒரு நடை மிச்சம்.

அடுத்து, தண்ணீர் ஒரு மேசை, கரை ஒரு மேசை, மீன் குத்தகை இன்னொரு மேசை. ஒரு கையெழுத்தை நம்பி இயந்திரத்தை வரவழைத்ததுதான் பெரிய தப்பு. கிடைத்த கடிதத்தில் ‘களைச் செடிகளை அகற்றிச் சுத்தம் செய்ய’ என்று மட்டும் இருந்தது. கரைமேல் கனரக வண்டி ஏறலாம் என்று ஒரு வார்த்தை இல்லை. விடிகாலையில் வந்த இயந்திரம் மாலைவரை ஓரமாக நின்றுவிட்டு, வாடகையை வாங்கிக்கொண்டு போயிற்று. எந்த வகை இயந்திரம், எவ்வளவு எடை, கரையில் எந்த இடத்தில் ஏறும், அள்ளியது எங்கே எத்தனை நாள் கிடக்கும், கடைசியில் எங்கே போகும் என்பதெல்லாம் கடிதத்திலேயே வர வேண்டும். மீன் குத்தகைக்காரரின் சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். வாய்ச்சொல் வேலை நடக்கும் அன்று மாறும்.

அளவுக் கணக்கில் ஏமாறாதவர் யாரும் இல்லை. பாய் விரித்த மாதிரி அடர்ந்து மிதக்கும் செடி சதுர மீட்டருக்கு 40 கிலோ தேறும். ஐந்துக்கு ஐந்து மீட்டர் கட்டம் என்றால் ஒரு டன். ஒரு ஹெக்டேர் 400 டன். இதில் 90 சதவீதத்துக்கு மேல் வெறும் தண்ணீர். 10 டன் வண்டி 10 டன் ஏற்றும் என்று கணக்குப் போட வேண்டாம். செடி உப்பலாக இருப்பதால் எடை சேரும் முன்பே பெட்டி நிரம்பிவிடும். இரண்டு மூன்று நாள் வடியவிட்டு மிதித்து ஏற்றினால் நடை பாதியாகக் குறையும்.

அள்ளும் வேலை சுருக்கமாக: காற்று எந்தக் கரைக்குத் தள்ளுகிறதோ அந்தக் கரையில் நில்லுங்கள். பாயைத் துண்டு துண்டாக அறுத்துக் கயிறு போட்டு இழுத்தால் மீதியைக் காற்றே கொண்டுவந்து சேர்க்கும். பாய்க்கு அடியில் பாம்பு இருக்கும், கழியால் தட்டிவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சாக்கடை கலக்கும் ஏரியில் காலில் புண்ணோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம்; பூட்ஸும் கையுறையும் இல்லாதவரைக் கரையில் நிறுத்துங்கள். உற்சாகத்தில் அல்லியையும் சேர்த்துப் பிடுங்குவார்கள். முதல் அரைமணி இலையைக் காட்டிப் பழக்கிய பிறகே இறக்குங்கள்.

இனி அந்த மூன்றாவது வாரக் கதை. முதல் நாள் அள்ளியதைக் கரையின் உள்சரிவிலேயே குவித்திருந்தோம். தூக்கிச் சுமக்கிற தூரம் குறைவு என்ற சோம்பல்தான் காரணம். மேலே காய்ந்து பழுப்பாகத் தெரிந்த குவியலைக் கிளறினால் உள்ளே பச்சையாக, வேரில் ஈரத்தோடு இருந்தது. ஒரு மழைக்குப் பாதிக் குவியல் தண்ணீருக்குள் இறங்கிவிட்டது. சாதகமான வெயிலும் சாக்கடைச் சத்தும் கிடைத்தால் இந்தச் செடி ஒன்றிரண்டு வாரத்தில் இரட்டிப்பாகும். குவியலை எப்போதும் கரையின் வெளிச்சரிவைத் தாண்டிப் போடுங்கள். முழங்கால் உயரத்துக்கு மேல் குவிக்காமல், வாரம் ஒருமுறை புரட்டிவிடுங்கள். சாணத்தோடு உரமாக்கலாம். ஆனால் குவியல் நன்றாகச் சூடேறாவிட்டால் விதை சாகாது, உரத்தோடு போய் அடுத்த குளத்தில் முளைக்கும். தொழிற்சாலைக் கழிவு வந்து சேரும் ஏரி என்றால் உரமும் வேண்டாம், மாட்டுத் தீவனமும் வேண்டாம். தண்ணீரிலுள்ள கன உலோகங்களை வேர் இழுத்து வைத்திருக்கும்.

“மருந்தடிச்சா ஒரே வாரத்துல முடிஞ்சுடுமே” என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். செத்த பாய் அப்படியே அடியில் அமிழ்ந்து அழுகும். ஆக்சிஜன் குறைந்து விடிகாலையில் மீன் மேலே வந்து வாய் திறந்து திணறும். உறிஞ்சிய சத்தெல்லாம் தண்ணீருக்கே திரும்பி, அடுத்து முளைக்கும் களைக்கு உரமாகும். இந்தச் செடியைத் தின்னும் நியோகெட்டினா வண்டை விடுவது நல்ல வழிதான், ஆனால் பலன் தெரிய ஆண்டுக்கணக்கில் ஆகும். இலையில் சுரண்டியது போலச் சின்னச் சின்னத் தழும்புகள் தெரிந்தால் வண்டு ஏற்கெனவே இருக்கிறது என்று அர்த்தம். அப்படியானால் ஒரு மூலையில் கொஞ்சம் செடியை வலை கட்டி விட்டுவையுங்கள். மொத்தமாக வாரினால் வண்டும் குப்பையோடு போய்விடும்.

பூ வாடியதும் தண்டு வளைந்து விதையைத் தண்ணீருக்குள் விடும். அந்த விதை சேற்றில் 15 ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கும். பாய் விலகி வெயில் பட்டதும், தண்ணீர் வற்றும் ஓரத்தில் முளைக்கும். இளநாற்றுக்குப் புடைப்பு இருக்காது. நாடா போன்ற இலையோடு புல் மாதிரி நிற்கும். அதனாலேயே கண்ணுக்குத் தப்பும். வாரம் ஒருமுறை இரண்டு பேர் ஒரு வாளியோடு கரையைச் சுற்றி வந்தால் போதும். இரண்டு வாரம் விட்டால் வாளி பத்தாது.

கடைசித் தொல்லை வரத்துக்கால்வாய். மேலேயிருந்து மிதந்து வருவதைத் தடுக்க, காலி கேன்களைக் கயிற்றில் கோத்து, கீழே அரை மீட்டருக்கு வலையைத் தொங்கவிட்டு, இருபுறமும் கம்பத்தில் இறுக்கிக் கட்டியிருந்தோம். இரவில் நீர்மட்டம் ஏறியது, கட்டு ஏறவில்லை. கேன்கள் மூழ்கி, செடி மேலாகவே நீந்தி உள்ளே வந்துவிட்டது. இப்போது கயிற்றின் இரு முனையும் கம்பத்தில் மாட்டிய இரும்பு வளையத்தில் இருக்கிறது. தண்ணீரோடு ஏறி இறங்குகிறது. கால்வாய்க்குக் குறுக்கே நேராகக் கட்டாமல் சாய்வாகக் கட்டினால் வருவதெல்லாம் ஒரே கரையில் ஒதுங்கும். கம்பத்தில் துரு ஏறினால் வளையம் சிக்கிக்கொள்ளும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ஆட்டிப் பார்த்துவிடுங்கள்.