பட்டனை அமுத்தினா யாராவது வரணும்

மார்ச் 3, திங்கள்

கேஷுவாலிட்டி ரிஜிஸ்ட்ரேஷன்ல உக்கார்ற பொண்ணு கழுத்துல ஒரு செவப்புக் கோடு. ஏதோ அலர்ஜின்னு நெனச்சுதான் கேட்டேன், ஒண்ணுமில்லக்கான்னு காலரை இழுத்து விட்டுக்கிட்டா. மத்தியானம் தனியா கூப்பிட்டு திரும்பவும் கேட்டப்பதான் வாயத் தொறந்தா. வெள்ளிக்கிழமை நைட்டு, பேஷண்ட் கூட வந்த ஒருத்தர் எவ்ளோ நேரம் உக்கார வைப்பீங்கன்னு கத்திக்கிட்டே கவுண்டருக்கு மேல எட்டி, ஐடி கார்டு கயித்தப் புடிச்சு இழுத்திருக்கார், கயிறு அறுந்து போகல, இவ முகம் டேபிள்ல மோதப் பாத்திருக்கு. மூணு நாளா யார்கிட்டயும் சொல்லல. ஏன்மான்னு கேட்டா, "சொல்லி என்னக்கா ஆகப் போகுது"ங்கறா.

அந்த ஒரு வார்த்தை நாள் பூரா காதுலயே நிக்குது. நான் 11 வருஷம் வார்டுல நர்ஸா இருந்துட்டு இப்ப ஸ்டாஃப் ட்ரெய்னிங் பாக்கறேன். விஷயம் மேல போனதும் உடனே "ஒரு ட்ரெய்னிங் போட்டுருங்க"ன்னு சொல்லிட்டாங்க. போடறேன். இந்த மாசம் நடக்கறதெல்லாம் இங்க எழுதி வைக்கறேன், வேற எடத்துல இதே வேலை பாக்கறவங்களுக்கு ஆகும்.

மார்ச் 5, புதன்

க்ளாஸுக்கு முன்னாடி நைட் ஷிப்ட் ஆளுங்க பதினெட்டு பேரோட சும்மா பேசினேன். உங்கள யாராவது அடிச்சிருக்காங்களான்னு கேட்டதுக்கு ரெண்டு கைதான் மேல போச்சு. சரி, யாராவது ஃபைலைத் தூக்கி எறிஞ்சிருக்காங்களா, வெளிய வா பாத்துக்கறேன்னு மெரட்டியிருக்காங்களா, வீடு வரைக்கும் பின்னாடியே வந்திருக்காங்களான்னு ஒவ்வொண்ணா கேட்டேன். எல்லா கையும் மேல. வன்முறைன்னா ரத்தம் வரணும்னே எல்லாரும் நெனச்சுட்டு இருக்கோம்.

வேலை எடத்து வன்முறை, தொல்லை பத்தின சர்வதேச தொழிலாளர் அமைப்போட 190வது உடன்படிக்கையை உக்காந்து படிச்சேன், 2019 ஜூன்ல ஏத்துக்கிட்டது, 2021 ஜூன்ல நடைமுறைக்கு வந்தது. மெரட்டலும் அதுல வருது, ஒரே ஒரு தடவ நடந்தாலும் வருது, வேலைக்குப் போற வர வழியும் வருது, பயிற்சிக்கு வந்த பசங்க, வேலை கேட்டு வந்தவங்க வரைக்கும் சேத்திருக்காங்க. அவங்களே 2022ல வெளியிட்ட உலகளாவிய சர்வேல, வேலை செய்யறவங்கள்ல 22.8 சதவீதம் பேர் ஏதாவது ஒரு வகையில இத அனுபவிச்சிருக்காங்கன்னு வருது. அதுல பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வெளிய யார்கிட்டயாவது சொல்லியிருக்காங்க. சொல்லாததுக்கு முக்கியமான காரணம் என்னன்னு பாத்தா, சொன்னா டைம் வேஸ்ட்டுனு தோணுச்சாம். எங்க பொண்ணு சொன்னதேதான்.

மார்ச் 8, சனி

மொத க்ளாஸ். ஸ்லைடு எல்லாம் வேண்டாம்னு விட்டுட்டேன். ஒரு டேபிள், ரெண்டு சேர், வார்டு பையன் ஒருத்தன் கோவமா வர்றவனா நடிக்கணும், அவ்ளோதான். தம்பி நல்லாவே நடிச்சான், ரொம்ப நல்லா, ஏன்னா தினம் பாக்கறான்ல.

மொதல்ல வந்த சிஸ்டர் சொன்ன மொத வார்த்தை "கொஞ்சம் அமைதியா இருங்க". நாம எல்லாரும் சொல்றதுதான். அத கேட்டதும் அவன் குரல் இன்னும் ஏறுச்சு, நடிப்புலயே ஏறுச்சுன்னா நெஜத்துல எப்படி இருக்கும்னு எல்லாருக்கும் புரிஞ்சுது. இன்னொண்ணு "இதான் ரூல், நான் என்ன பண்ண முடியும்". இந்த ரெண்டையும் கொஞ்ச நாளைக்கு வாயிலேருந்து எடுத்துருங்கன்னு சொன்னேன். அதுக்கு பதிலா, அவர் பேசி முடிக்கற வரைக்கும் விடுங்க, அவர் சொன்னதுலேருந்து ஒரு வார்த்தைய எடுத்து திருப்பிச் சொல்லுங்க, "ரெண்டு மணி நேரமா வெயிட் பண்றீங்க, அம்மாவுக்கு வலி நிக்கலங்கறீங்க", அப்பறம் நம்மளால நெஜமா செய்ய முடிஞ்ச ஒண்ண நேரத்தோட சொல்லுங்க. "டாக்டர்கிட்ட கேட்டுட்டு பத்து நிமிஷத்துல நானே வந்து சொல்றேன்." பத்து நிமிஷத்துல போயே ஆகணும், பதில் இல்லன்னாலும் போய் இன்னும் பதில் வரலன்னு சொல்லணும். போகலன்னா அடுத்த தடவ நம்ம பேச்சுக்கு மதிப்பே இருக்காது.

உடம்ப எப்படி வெச்சுக்கறதுங்கறதுக்கே ஒரு மணி நேரம் போச்சு. நேருக்கு நேர் நெஞ்ச நிமித்தி நிக்காம கொஞ்சம் சைடா நிக்கணும், ரெண்டு கை நீளமாவது தள்ளி, கை ரெண்டும் அவர் கண்ணுக்குத் தெரியற மாதிரி, வெரல நீட்டிப் பேசக்கூடாது. கதவு நமக்குப் பக்கத்துல இருக்கணும், அதே சமயம் அவரோட வழியையும் நாம மறிக்கக் கூடாது. வெளிய போக வழியில்லன்னு தோணிட்டா மனுஷன் இன்னும் மூர்க்கமாயிடுவான். கத்திரிக்கோல், ஸ்டெதஸ்கோப், கழுத்துல தொங்கறது எதுவும் வேண்டாம்னு சொல்லிட்டு, இழுத்தா தானா கழண்டுக்கற ஐடி கயிறு வாங்கி வந்திருந்தேன், எல்லார்கிட்டயும் குடுத்தேன். அந்தப் பொண்ணு அத நாலு தடவ இழுத்து இழுத்துப் பாத்தா. டக், டக்குன்னு கழண்டுது. ஒண்ணும் பேசல.

மார்ச் 11, செவ்வாய்

இன்னைக்கு நடந்தத பட்டும் படாம எழுத முடியல, கோவமா இருக்கு.

நைட் பன்னெண்டரைக்கு கவுண்டருக்கு கீழ இருக்கற பானிக் பட்டனை அமுத்திப் பாத்தோம், செக்யூரிட்டிக்கு முன்கூட்டி சொல்லல, மேனேஜர்கிட்ட மட்டும் பர்மிஷன் வாங்கியிருந்தேன். பட்டன் எங்க இருக்குன்னு தேடவே நேரமாச்சு, பழைய ரிஜிஸ்டர் கட்டுக்குப் பின்னாடி மாட்டிக்கிட்டு இருந்துச்சு. அமுத்துனேன். ஒரு நிமிஷம், ரெண்டு நிமிஷம், யாரும் வரல. நாலு நிமிஷம் பத்து செகண்டுக்கு ஒரு அண்ணன் வந்தார், அதுவும் பட்டன் சத்தம் கேட்டு இல்ல, ரவுண்ட்ஸ் வந்தாராம். கேட் பக்கத்துல இருக்கற பஸ்ஸர் ஒயர் எப்பவோ பிஞ்சு தொங்குது.

அப்பறம் அந்தப் பொண்ணோட சேர்ல நான் உக்காந்து பாத்தேன். பின்னாடி செவுரு, சைடுல ப்ரிண்டர், வெளிய போகணும்னா கவுண்டரச் சுத்தி கத்தறவர் நிக்கற பக்கமாத்தான் போகணும். டேபிள் மேல இரும்பு பேனா ஸ்டாண்ட், பெரிய ஸ்டேப்ளர், கனமான பேப்பர் வெயிட், எல்லாம் எதிர்ல நிக்கறவர் கைக்கு எட்டற தூரத்துல. இந்த சேர்ல ஒருத்திய ராத்திரி பூரா தனியா உக்கார வெச்சுட்டு, அவளுக்கு எப்படிப் பேசணும்னு நான் சொல்லித் தந்துட்டு இருக்கேன்.

மார்ச் 13, வியாழன்

முன்கூட்டியே கண்டுபிடிக்கறது பத்தி க்ளாஸ். நார்வேல மனநல வார்டுக்காக உருவாக்கின ப்ரோசெட் செக்லிஸ்ட்டைக் காட்டினேன். ஆறே விஷயம்: கொழம்பிப் போயிருக்காரா, எரிச்சலா இருக்காரா, சத்தமா ஆர்ப்பாட்டம் பண்றாரா, வாயால மெரட்டறாரா, உடம்பால மெரட்டறாரா, பொருள அடிக்கறாரா. ஒவ்வொண்ணுக்கும் ஒரு மார்க், ரெண்டுக்கு மேல போனா உஷாராகி ஆள் ஏற்பாடு பண்ணிடணும், அடுத்த 24 மணி நேரத்துக்கான கணிப்பு அது.

வயசான வார்டு அக்கா ஒருத்தங்க எழுந்து, "இதெல்லாம் எங்களுக்குப் பாத்தாலே தெரியும்மா, ஆனா நாங்க சொன்னா யாரு கேக்கறா"ன்னாங்க. ஞாயம்தான். அக்கா கண்ணுல படறது டாக்டர் காதுக்குப் போறதுக்கு ஒரு மார்க் ஷீட் உதவும்னா அதுக்காகவே அது வேணும். இன்னொண்ணும் எல்லாருக்கும் அழுத்திச் சொன்னேன், திடீர்னு ஒரு பேஷண்ட் கைய ஓங்கினா மொதல்ல சுகர் பாருங்க, ஆக்சிஜன் பாருங்க, தலையில அடிபட்டிருக்கான்னு பாருங்க. அது திமிரா இல்லாம நோயாவே இருக்கலாம்.

மார்ச் 17, திங்கள்

மேனேஜ்மெண்ட் மீட்டிங். ட்ரெய்னிங் முடிஞ்சா பிரச்சன முடிஞ்சுதான்னு கேட்டாங்க. கையில இருந்தத அப்படியே வெச்சேன். ஹெல்த் ஸ்டாஃப்ல 8லேருந்து 38 சதவீதம் பேர் வேலைக் காலத்துல எப்பவாவது அடி வாங்கறாங்கன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. 2020ல, மருத்துவ ஆய்வுகள எல்லாம் சேத்து அலசற காக்ரேன் அமைப்போட தொகுப்பு ஒண்ணு வந்தது, பயிற்சியினால அறிவும் மனோபாவமும் கொஞ்ச காலத்துக்கு மாறலாம், ஆனா சம்பவங்களோட எண்ணிக்கை அதனால மட்டும் கொறையறதுக்கு நல்ல ஆதாரம் கிடைக்கலன்னு அதுல வருது. ட்ரெய்னிங் பண்றவ நானே இத சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க, பேசத் தெரிஞ்சவங்க பட்டன அமுத்தினா யாராவது வரணும், எழுதிக் குடுத்தா யாராவது படிக்கணும், அதில்லாம நான் எத்தன க்ளாஸ் எடுத்தும் பிரயோஜனமில்லன்னு சொன்னேன். குரல் கொஞ்சம் உடைஞ்சிருச்சு, பரவால்ல.

பஸ்ஸர் ரிப்பேருக்கு ஒத்துக்கிட்டாங்க, கவுண்டர்ல பின்கதவு வைக்கவும், நைட்ல ரெண்டு பேர் போடவும். வெயிட்டிங் நேரத்த அரை மணிக்கு ஒரு தடவ போர்டுல எழுதறதுக்கும் சரின்னாங்க, அதுக்கு பெருசா செலவே இல்ல.

மார்ச் 20, வியாழன்

ஆயுதத்தோட யாராவது வந்தா என்ன பண்றதுன்னு இன்னைக்கு. முடிஞ்சா ஓடு, முடியலன்னா ஒளிஞ்சுக்கோ, வேற வழியே இல்லன்னா மட்டும் எதிர்த்து நில்லு, இதான் பல எடத்துல சொல்லித் தர்றது. ஆஸ்பத்திரியில இது அப்படியே ஒட்டாது, படுத்திருக்கற பேஷண்ட்ட விட்டுட்டு ஓடறதான்னு ஒரு சிஸ்டர் கேட்டாங்க. ரொம்ப நேரம் பேசினோம். உள்பக்கம் பூட்டற ரூம் எது, கட்டிலை உருட்டிட்டுப் போக முடியுமா, லைட் சுவிட்ச் எங்கன்னு நடந்தே பாத்தோம். செல்ஃபோனை சைலண்ட்ல போட ஞாபகப்படுத்தினேன். ஒரு செக்யூரிட்டி அண்ணன், நான் பாஞ்சு புடிச்சிருவேன்னார். அண்ணே, உங்க வீட்ல உங்களுக்காகக் காத்திருக்காங்க, போலீஸ் வர்ற வரைக்கும் ஆளுங்கள நகத்துங்க, அதுதான் உங்க வேலைன்னேன். முழுசா ஒத்துக்கல.

மார்ச் 22, சனி

க்ளாஸ் முடிஞ்சு எல்லாரும் போனப்பறம் ஒருத்தங்க நின்னாங்க. வெளியாள் வந்து அடிக்கறத மட்டும்தானக்கா பேசறீங்க, எங்க சீனியர் ஆபரேஷன் தியேட்டர்ல ட்ரேய எறியறாரே அது எந்தக் கணக்குன்னு கேட்டாங்க. அதுவும் இதே கணக்குதான். திருட வர்றவன், சேவை வாங்க வர்றவர், கூட வேலை பாக்கறவங்க, வீட்டுப் பகைய வேலை எடத்துக்குக் கொண்டு வர்றவங்க, நாலு வகைன்னு பிரிக்கறாங்க, நான் ரெண்டாவதுலயே நின்னுட்டேன், அது என் தப்பு. அடுத்த க்ளாஸ்ல முழுசா இது.

நாலாவது வகையும் எங்ககிட்டயே இருக்கு. ஒரு ஸ்டாஃபோட பிரிஞ்சு போன கணவர் டியூட்டி நேரத்த ஃபோன்ல விசாரிக்கறாராம். அவங்க சம்மதத்தோடதான் எல்லாம் செஞ்சோம், கேட்ல ஃபோட்டோ குடுத்தோம், ஷிப்ட மாத்தினோம், வண்டி வரைக்கும் ஒருத்தர் கூடப் போவாங்க. யாரோட டியூட்டியையும் ஃபோன்ல சொல்லக்கூடாதுன்னு ரிசப்ஷனுக்கு எழுத்துல குடுத்தாச்சு.

மார்ச் 27, வியாழன்

நைட் ஒண்ணேகால். மூணு பேர் உள்ள வந்து கத்த ஆரம்பிச்சாங்க, தம்பிக்கு ஆக்ஸிடெண்ட், டாக்டர் பாத்துட்டு இருக்கார், வெளிய யாரும் எதுவும் சொல்லல. ஒருத்தர் கவுண்டர் கண்ணாடிய தட்டினார். அந்தப் பொண்ணுதான் டியூட்டி. அவ எழுந்து, பின்கதவுப் பக்கம் ஒரு அடி நகந்து நின்னு, "உங்க தம்பி உள்ள இருக்கார், டாக்டர் கூடவே இருக்கார், என்னன்னு நான் கேட்டுட்டு அஞ்சு நிமிஷத்துல வந்து சொல்றேன்"னு சொன்னாளாம். கூட இருந்தவ பட்டன அமுத்தியாச்சு. 50 செகண்ட்ல ரெண்டு செக்யூரிட்டி வந்து தள்ளியே நின்னாங்க, யாரும் யாரையும் தொடல. அஞ்சு நிமிஷத்துல சிஸ்டர் வந்து பேசினாங்க. கண்ணாடிய தட்டினவர் அப்படியே தரையில உக்காந்து அழுதாராம்.

காலைல ஏழு மணிக்கு எல்லாரும் உக்காந்து இருவது நிமிஷம் பேசினோம். யார் தப்புன்னு தேடல, என்ன பாத்தோம், எது லேட்டாச்சு, யாருக்கு இன்னும் கை நடுங்குது, அவ்ளோதான். அவளுக்கு நடுங்கிச்சு. அன்னைக்கு நைட் லீவு குடுத்தோம், சம்பளத்தோட.

ஏப்ரல் 2, புதன்

சம்பவ நோட்டுல மார்ச் மாசம் 23 பதிவு. அதுக்கு முந்தின மாசம் ஒண்ணு. மீட்டிங்ல ஒருத்தர் பதறிட்டார், ட்ரெய்னிங் குடுத்து ஜாஸ்தியாயிருச்சேன்னு. இது எப்பவும் நடந்துக்கிட்டு இருந்ததுதான் சார், இப்பதான் எழுதறாங்கன்னு சொன்னேன். நோட்டுல கடைசியா "என்ன செஞ்சோம்"னு ஒரு கட்டம் சேத்திருக்கேன், எழுதினவங்களுக்கு ஏழு நாளுக்குள்ள அதுல பதில் போயிருக்கணும்.

23ல ஒண்ணு பிப்ரவரி 28 தேதி போட்டு, இப்ப எழுதினது. கையெழுத்து அவளோடது. ஐடி கயித்தப் புடிச்சு இழுத்தார், கழுத்துல காயம், அப்ப சொல்லலன்னு மூணே வரி. பக்கத்துக் கட்டத்துல கயிறு மாத்தினது, கதவு வெச்சது, ரெண்டு பேர் போட்டதுன்னு எழுதி கையெழுத்து போட்டேன். பின்கதவு லைட் மட்டும் இன்னும் எரியல. எலக்ட்ரீஷியன் நாளைக்குக் காலைல வர்றாராம், நான் எட்டு மணிக்கே போயிடறேன்.