மோட்டார்க்கடை அண்ணன் சொன்ன கள்ளுக்கடைகள்

கேரளாவில், பாலக்காடு மாவட்டத்துத் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கிற கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நல்ல கள் எந்தக் கடையில் கிடைக்கும் என்று யாராவது கேட்டால், மோட்டார் வைண்டிங் கடையில் விசாரியுங்கள் என்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துச் சிரிப்பார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயம்புத்தூரிலிருந்து பைக்கில் வருகிற பையன்கள் கூகுளில் நட்சத்திரம் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த நட்சத்திரமெல்லாம் மீன் வறுவலுக்கு விழுந்தவை. கள்ளுக்கு நட்சத்திரம் போட முடியாது. காலையில் இருந்த கள் மத்தியானம் இருக்காது. போன மாதம் சீவிய மரத்தை இந்த மாதம் சீவாமல் விட்டிருப்பார்கள்.

மோட்டார்க்கடை அண்ணன் குடிப்பதே அபூர்வம். ஆனால் சித்தூர் தாலுகாவின் இந்தக் கிழக்கு ஓரத்தில் தென்னந்தோப்பு என்றால் போர்வெல், போர்வெல் என்றால் மோட்டார், மோட்டார் என்றால் என்றைக்காவது எரியும். எரிந்ததெல்லாம் இவர் கடை வாசலில்தான் வந்து கிடக்கும். யார் தோப்பில் தண்ணீர் ஓடுகிறது, யார் தோப்பு பத்து நாளாகக் காய்கிறது, எந்தத் தோப்புக் கள் எந்தக் கடைக்குப் போகிறது, எந்த மரமேறி மகள் கல்யாணத்துக்கு லீவு போட்டிருக்கிறார் என்று எல்லாம் அவருக்குத் தெரியும். தோப்பு காய்ந்தால் பாளையில் சுரப்பு குறையும், குறைந்தால் கடைக்காரர் வேறு எங்கிருந்தோ வாங்குவார், அந்த வாரம் அந்தக் கடைக்குப் போகாதீர்கள் என்பது அவர் கணக்கு.

நான் மலேசியாக்காரன். கிள்ளான் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து ஷா ஆலமில் வேலை பார்த்தவன். மனைவிக்குச் சொந்த ஊர் இது. மாமாவுக்கு நடை தளர்ந்து, தோப்பைப் பார்க்க ஆளில்லை என்றானபோது பிள்ளைகளோடு இங்கே வந்துவிட்டோம். இந்திய வம்சாவளி வெளிநாட்டுக்காரர்களுக்குத் தருகிற ஓ.சி.ஐ. அட்டை இருப்பதால் எத்தனை வருடம் வேண்டுமானாலும் இருக்கலாம். விவசாய நிலம் மட்டும் வாங்க முடியாது. ஆகவே தோப்பு மனைவி பேரில், வேலை என் பேரில்.

இந்தியா ஒரு புது நாடு என்றால், அதற்குள் கேரளா இன்னொரு புது நாடு. வாயைத் திறந்தால் எல்லோரும் தமிழ், அதுவும் கொங்குத் தமிழ். நிமிர்ந்து பார்த்தால் பஸ் போர்டிலிருந்து ரேஷன் கடை வரைக்கும் மலையாளம். பஞ்சாயத்து ஆபீசில் என்னிடம் தமிழில் பேசிக்கொண்டே மலையாளத்தில் எழுதித் தள்ளுவார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்த முதல் மலையாளச் சொல் எது என்று சொல்லத் தேவையில்லை. கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தாகத் தாலுகா முழுக்க ஒரே மாதிரி எழுதியிருப்பார்கள், பக்கத்தில் டி.எஸ்., அதாவது டாடி ஷாப், என்று கடை நம்பரோடு.

முதலில் நான் அண்ணனிடம் கேட்டது பீரைப் பற்றி. எங்கள் தோப்பு மோட்டார் எரிந்துபோய், அதைக் கழற்றிக்கொண்டு போய்க் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அவர் தாமிரக் கம்பியை ஒவ்வொரு காடியாகக் கோத்துச் சுற்றிக்கொண்டிருந்தார். உதடு மட்டும் அசையும். சுற்று எண்ணுகிறபோது யார் கேட்டாலும் பதில் வராது. ஒரு சுருள் முடிந்து கம்பியை நறுக்கிய பிறகுதான் நிமிர்ந்தார்.

"பீர் குடிக்கறதுக்கா அத்தன தூரத்துலருந்து வந்தீங்க, மாப்ள?"

இந்த ஊருக்கு நான் மாப்பிள்ளை, அதனால் எல்லோருக்கும் மாப்பிள்ளை. அப்புறம் பொறுமையாக விளக்கினார். பீர் வேண்டுமென்றால் கேரள அரசு மதுக்கடையான பெவ்கோவில் வரிசையில் நிற்க வேண்டும். உட்கார்ந்து குடிக்க வேண்டுமென்றால் நட்சத்திர ஓட்டல். 2014-இல் ஐந்து நட்சத்திர ஓட்டல்களை விட்டுவிட்டு மற்ற பார்களையெல்லாம் அரசு மூடப் பார்த்தது; பல இடங்களில் பீரும் ஒயினும் மட்டும் ஓடின. 2017-இல் அடுத்து வந்த அரசு மூன்று நட்சத்திரத்துக்கு மேல் திறந்துவிட்டது. 23 வயதுக்குக் கீழே யாருக்கும் கிடையாது. ஒவ்வொரு மாதமும் ஒண்ணாம் தேதி விடுமுறை. அன்றைக்கு எல்லை தாண்டி கோபாலபுரம் பக்கம் போனால் டாஸ்மாக், அதுவும் மத்தியானம் 12 மணிக்குத்தான் திறக்கும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, "இத்தன பாடு எதுக்கு, கள்ளு குடிங்க" என்றார்.

எனக்குத் தயக்கம் இருந்தது. மலேசியத் தோட்டத்துக் குடும்பங்களில் கள் என்றால் பாட்டிமார் முகம் சுளிப்பார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தோட்டத்துக்கு உள்ளேயே கள்ளுக்கடை வைத்திருந்தார்கள். வாங்கிய கூலி அங்கேயே இறங்கிவிடும். 1941-இல் கிள்ளான் தோட்டங்களில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தில் கூலி உயர்வோடு கள்ளுக்கடையை மூட வேண்டும் என்பதும் ஒரு கோரிக்கை. கள்ளுக்குப் பிறகு வந்த சம்சு என்கிற மலிவுச் சாராயம் இன்னும் மோசம். எங்கள் தலைமுறை இரண்டிலிருந்தும் தப்பித்துப் பீருக்குப் போனது. ஷா ஆலமில் 1972-லிருந்தே கார்ல்ஸ்பெர்க் ஆலை ஓடுகிறது, பீருக்குப் பஞ்சமில்லை. ஆனால் 2016-இல் வரியைச் சுத்த ஆல்கஹால் லிட்டருக்கு 175 ரிங்கிட் ஆக்கினார்கள். சீனர் கோப்பிக் கடையில் ஒரு பெரிய பாட்டிலை நான்கு பேர் பகிர்ந்து குடிப்பது சிக்கனத்தால்தானே தவிர நட்பால் அல்ல.

அண்ணன் முதலில் சொன்னது வேலந்தாவளம் ரோட்டில் ஒரு கடை. "பத்து மணிக்கு முன்னாடி போயிருங்க. அதுக்கப்புறம் போனா என்னைத் திட்டக்கூடாது" என்றார். ஓடு வேய்ந்த கூரை, குட்டைச் சுவர், நான்கு மேசை. மரமேறி சைக்கிளில் கேனைக் கட்டிக்கொண்டு வந்து நேராகப் பின்கட்டுக்குப் போனார். வடிகட்டியில் ஊற்றும்போது நுரை பொங்கிக் கீழே இறங்க, வலையில் நாலைந்து தேனீயும் ஒரு பிடி எறும்பும் தங்கின. கடைக்காரர் வலையைச் சுவரில் தட்டிவிட்டு, என் முகத்தைப் பார்த்து, "தேனீ விழுந்தாத்தான் நிஜக் கள்ளு" என்றார். முதல் மடக்கு இனிப்பு. நாக்கின் ஓரத்தில் லேசான சுருக், மேலே தென்னம்பாளையின் பச்சை வாசனை. நான் சாப்பிட்ட எந்தப் பீரிலும் அது கிடையாது.

கள் எப்படி வருகிறது என்பதை எங்கள் தோப்பிலேயே பிறகு பார்த்தேன். விரியாத பாளையை நாரால் இறுகக் கட்டி, எலும்பால் நாள் தவறாமல் தட்டித் தட்டிப் பதப்படுத்துவார்கள். பிறகு நுனியைப் பாளை அரிவாளால் காகிதம் போலச் சீவி, முட்டி என்கிற சின்னப் பானையைக் கட்டுவார்கள். ஒரு நாளைக்கு மூன்று முறை ஏறிச் சீவ வேண்டும்; விட்டால் வாய் அடைத்துக்கொள்ளும். முட்டிக்குள் சுண்ணாம்பு தடவினால் அது தெளுவு, குழந்தைகள்கூடக் குடிக்கலாம். தடவாவிட்டால் காற்றிலும் முட்டியிலும் இருக்கிற ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது சாயங்காலம் கடுக்கும், மறுநாள் காடி. பத்து மணிக் கணக்கு இதனால்தான். கடுப்பு பிடித்தவர்களும் உண்டு. அவர்கள் மூன்று மணிக்கு மேல்தான் வருவார்கள். மத்தியானத்துக்கு முன் குடிப்பவர்களைக் குழந்தைகள் மாதிரி பார்ப்பார்கள்.

இரண்டாவது கடை மீனாட்சிபுரம் போகிற வழியில். இது சாப்பாட்டுக்காகச் சொன்னது. கப்பையும் அயிலைக் கறியும் எல்லா ஷாப்பிலும் இருக்கும். இங்கே ஆழியாறு டேம் மீன் கிடைத்த நாளில் மிளகு அரைத்துப் போட்டு வறுப்பார்கள். போட்டி வறுவலும் உண்டு. சமைப்பது ஒரு பாட்டி. கேரளாவில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் குழம்பு முழுக்கப் பொள்ளாச்சி. தேங்காயெண்ணெயும் கொத்தமல்லித் தூளும் ஒரே சட்டியில் எப்படிச் சண்டை போடாமல் இருக்கின்றன என்று எனக்கு இன்னும் புரியவில்லை. மனைவி இந்த ஊரிலேயே வளர்ந்தும் எந்த ஷாப்புக்குள்ளும் கால் வைத்ததில்லை. மீனை மட்டும் பார்சல் வாங்கிவரச் சொல்வாள். பெண்கள் குடும்பத்தோடு உட்காரத் தனி அறை வைத்த ஷாப்புகள் தெற்கே ஆலப்புழை, கோட்டயம் பக்கம் உண்டு. இங்கே உள்ளவை உழைக்கிற ஆண்களின் கொட்டகைகள். பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை.

மூன்றாவது வண்ணாமடைப் பக்கம், எல்லையை ஒட்டி. ஞாயிற்றுக்கிழமை வாசலில் நிற்கிற வண்டிகளில் பெரும்பாலும் தமிழ்நாட்டு நம்பர். எல்லைக்கு இந்தப் பக்கமும் தென்னை, அந்தப் பக்கமும் தென்னை, மண்ணும் ஒன்று. அந்தப் பக்கத்து மரத்தில் கள் இறக்கினால் வழக்கு. தமிழ்நாட்டில் 1987-லிருந்து கள்ளுக்குத் தடை. 2017-இல் புளிக்காத நீரா இறக்க மட்டும் அனுமதி கொடுத்தார்கள். பொள்ளாச்சி விவசாயி ஒருவர் என் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, தன் மரத்தில் சுரப்பது குற்றம், அடுத்தவன் மரத்தில் சுரப்பதைக் காசு கொடுத்துக் குடிப்பது குற்றமில்லை என்று சிரித்தார். அவர் சிரித்ததில் எனக்குச் சேர்ந்து சிரிக்க முடியவில்லை.

சித்தூர்க் கள்ளில் பெரும்பகுதி சித்தூரில் குடிக்கப்படுவதில்லை. காலையில் கேன் நிரப்பிய வண்டிகள் பெர்மிட்டோடு மற்ற மாவட்டங்களுக்குப் போகின்றன; கேரளாவின் பல கள்ளுக்கடைகளுக்கு இந்தத் தாலுகாதான் ஊற்று. தேவை இருக்கிற அளவுக்கு மரம் சுரக்காது என்பதால் கலப்படப் பேச்சு எப்போதும் உண்டு. 2010 செப்டம்பரில் மலப்புரத்தில் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20 பேருக்கு மேல் இறந்தார்கள். அண்ணன் மரத்தை முன்வைத்துக் கடையைச் சொல்வதற்கு இதுவும் காரணம். மரம் எது என்று கேட்டால் சட்டென்று கை நீட்டிக் காட்டுகிற கடையில் குடியுங்கள் என்பார்.

பீர் ஆலைகளைப் பற்றி அவருக்குத் தனிக் கருத்து உண்டு. கஞ்சிக்கோட்டில் யுனைடெட் புரூவரீஸ் ஆலை இருக்கிறது. ஊர்ப் பீர்தானே, ஒருநாள் பார்க்கப் போகலாமா என்று கேட்டேன். போய் வாசலைப் பார்த்துவிட்டு வரலாம் என்றார். எலப்புள்ளியில் மதுபான ஆலை ஒன்றுக்கு 2025 ஜனவரியில் மாநில அமைச்சரவை தொடக்க அனுமதி கொடுத்ததிலிருந்து டீக்கடைகளில் இதே பேச்சு. எதிர்ப்புக்குக் காரணம் குடி அல்ல, தண்ணீர். பக்கத்துப் பெருமாட்டி பஞ்சாயத்தில் பிளாச்சிமடை இருக்கிறது. கோகோ கோலா ஆலை கிணற்றைக் கெடுத்துவிட்டது என்று 2002-இல் ஆதிவாசிப் பெண்கள் உட்கார்ந்த போராட்டம் அது; மயிலம்மா முன்னால் நின்றார். 2004-இல் ஆலை நின்றது. பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி மணக்கடவு வழியாக வருடத்துக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் இந்தத் தாலுகாவுக்கு வர வேண்டும். அது எப்போது வரும் என்று பார்த்துத்தான் இங்கே எல்லோரும் நாற்று விடுகிறார்கள். போர்வெல் ஆழம் கூடக்கூட மோட்டார் பெரிதாகும், மோட்டார்க்கடைக்கு வருமானம் கூடும். ஆனாலும் அண்ணன் ஆலைக்கு எதிர்ப்பக்கம்தான். "எனக்கு நாலு மோட்டார் அதிகம் வரும், சரி. தண்ணி இல்லாத குழிக்குள்ள மோட்டார இறக்கி என்ன பண்றது?" என்றார்.

என்னைக் கள்ளுக்கடை வாசலில் பார்த்ததாக யாரோ அத்தையிடம் சொல்லிவிட்டார்கள். வீட்டில் இரண்டு நாள் ஒரு மாதிரி அமைதி. மூன்றாம் நாள் ஒரு தூக்குச் சட்டியைக் கையில் கொடுத்து, "போறதுதான் போறீங்க, ஆப்ப மாவுக்குக் கால் லிட்டர் வாங்கிட்டு வந்துருங்க" என்றார். சோடா உப்புப் போட்ட ஆப்பத்துக்கும் கள் ஊற்றிப் புளித்த ஆப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தை மலேசியாவில் யாரும் எனக்குச் சொன்னதில்லை. நடுப்பகுதி பஞ்சாக, ஓரம் கண்ணாடி மாதிரி மொறுமொறுப்பாக வரும். பிள்ளைகள் இப்போது சனிக்கிழமை ஆனால் என்னைக் கடைக்கு விரட்டுகிறார்கள். ஆப்பத்துக்குக் காலைக் கள்தான் வேண்டும், அந்திக் கள் ஊற்றினால் மாவு பொங்கிப் பாத்திரம் தாண்டிவிடும் என்பது அத்தையின் சட்டம்.

வண்ணாமடைக் கடையை அண்ணன் இப்போது யாருக்கும் சொல்வதில்லை. அதற்குக் கள் தந்த தோப்பில் வாடல் நோய் இறங்கி, ஓலை மஞ்சளித்து மரங்களை வெட்டிக்கொண்டிருக்கிறார்கள். கடை வேறு எங்கிருந்தோ வாங்குகிறது. பதிலுக்கு அத்திக்கோட்டுப் பக்கம் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். கிளம்புவதற்கு முன் தனக்கு ஒரு போன் போடச் சொன்னார், அந்தத் தோப்பு மோட்டார் ஓடுகிறதா என்று கேட்டுச் சொல்கிறாராம்.