பழைய விட்டத்தில் ஒரு மேசை

காரைக்குடிப் பக்கம் இடிக்கப்பட்ட ஒரு வீட்டின் தேக்கு விட்டத்தை மூன்று துண்டுகளாக வாங்கி வந்து, அதிலிருந்து ஓர் எழுதுமேசை செய்து முடிக்க எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. தச்சுவேலை மூன்று வாரத்தில் முடிந்துவிட்டது. மீதிக் காலம் முழுவதும் மரத்தைத் துப்புரவு செய்வதிலும், காயவிடுவதிலும், மேற்பூச்சிலும் சென்றது.

நகரத்தார் பர்மாவில் வணிகம் செய்த காலத்தில் கப்பலேறி வந்த தேக்கு அது. 1942-இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியபோது அந்த வரத்து அறுந்தது. காட்டில் மெதுவாக வளர்ந்த மரம் என்பதால், அறுத்த முகத்தில் ஆண்டு வளையங்கள் நெருக்கமாக அடுக்கியிருந்தன. இப்படிப்பட்ட மரத்தை இழைப்புளியில் நான்கு பக்கமும் வழித்தெடுத்துப் பளபளப்பாக்குவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் பதறும். எங்கள் ஆசாரியும் அதையேதான் சொன்னார்: “எல்லாத்தையும் இழைச்சா புதுமரம் மாதிரி ஆயிரும் தம்பி. அப்புறம் எதுக்குப் பழசைத் தேடி வாங்கணும்?” மேசையின் மேற்பரப்பை மட்டும் எழுதுவதற்கு ஏற்றபடி சமப்படுத்துவது, விளிம்புகளையும் கால்களையும் இருந்தபடியே விடுவது என்று முடிவு செய்தோம்.

முதல் வேலை ஆணி பிடுங்குவது. காந்தம் வைத்துப் பார்த்துப் பதினோரு ஆணிகளை எடுத்தோம். ஆழத்தில் ஒடிந்து கிடந்த பன்னிரண்டாவது ஆணி காந்தத்துக்குப் பிடிபடாமல் ரம்பத் தகட்டின் நான்கு பற்களைக் கொண்டுபோயிற்று. அதற்குப் பிறகு, கையில் பிடித்துத் தடவும் உலோகம் கண்டறியும் கருவி ஒன்றை இரவல் வாங்கி, ஒவ்வொரு துண்டையும் நாற்புறமும் பார்த்த பின்னரே ரம்பத்துக்குக் கொடுத்தோம். விட்டத்தின் ஓரத்தில் இருந்த வெளிறிய பகுதியில், ஆசாரிகள் ‘வெள்ளை’ என்று சொல்லும் இடத்தில், குண்டூசித் துளைகளும் மாவு போன்ற தூளும் தெரிந்தன. தேக்கின் வைரத்தை, அதாவது கெட்டியான நடுமரத்தை, பூச்சி எளிதில் தொடாது. ஆனால் வெள்ளைக்கு அந்தக் காப்பு இல்லை என்பதால் அதை முழுவதும் அறுத்து நீக்கிவிட்டோம்.

மேசைக்கு இழுப்பறை முகப்பாக வைக்க வாங்கிய ஒரு பழைய கதவுப் பலகையில் பச்சை வண்ணம் பூசியிருந்தது. இங்கே மிகுந்த கவனம் வேண்டும். வீட்டு வண்ணப்பூச்சுகளில் ஈயத்தின் அளவை 90 பிபிஎம்முக்குள் (பத்து லட்சம் பங்கில் 90 பங்குக்குள்) கட்டுப்படுத்தும் விதி இந்தியாவில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. ஆகவே, பழைய பூச்சு எதிலும் ஈயம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். உலர்ந்த நிலையில் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதும், சூடு காட்டி உரிப்பதும் ஈயத்தைக் காற்றில் கலந்துவிடும். பலகையை நனைத்து நனைத்துச் சுரண்டி, உதிர்ந்ததை ஈரத்தோடு அள்ளிக் கட்டி வைத்தேன். அந்த நாட்களில் பிள்ளைகளைக் கொல்லைப்பக்கம் வரவிடவில்லை.

பித்தளைக் கம்பித் தூரிகையால் ரேகை வாக்கில் தேய்த்தபோது சுண்ணாம்பும் புகைக்கரியும் போய் மரம் தெரிந்தது. மேற்பரப்புக்கு 80, 120, 180 என்று எண் கூடக்கூட மென்மையாகும் உப்புத்தாளை மாற்றிச் சென்று 220-இல் நிறுத்தினேன். புதிதாகத் தேய்த்த தேக்கு வெளிறிய பசுமஞ்சளாக, திட்டுத் திட்டாகத் தெரியும். அதைப் பார்த்துப் பயந்து சாயம் பூசிவிடக் கூடாது. வெளிச்சம் படும் இடத்தில் பத்து நாள் வைத்திருந்தேன். பொன்பழுப்பு நிறம் தானாகவே திரும்பிவிட்டது.

மேற்பூச்சில்தான் நான் ஒரு மாதத்தை இழந்தேன். தேக்கில் இயற்கையாகவே எண்ணெய்ப் பசை உண்டு. அதன்மேல் நேரடியாகப் பூசும் எண்ணெய் உலராமல் பிசுபிசுக்கும். முதல் பூச்சு மூன்று வாரம் ஆகியும் விரலில் ஒட்டியது. அதைத் தின்னரால் துடைத்தெடுத்து, மறுபடி லேசாகத் தேய்த்து, மீண்டும் தின்னர் தோய்த்த துணியால் துடைத்து, அது ஆவியான கையோடு காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயை மிக மெல்லியதாகப் பூசினேன். கால் மணி நேரத்தில் மிச்சத்தை வழித்துத் துடைத்துவிட வேண்டும். இரண்டு நாள் இடைவெளியில் நான்கு பூச்சு போதுமானதாக இருந்தது. எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகச் சூடேறித் தீப்பற்றும். ஒவ்வொரு துணியையும் வெட்டவெளியில் விரித்துக் காயவைத்தேன்.

இழுப்பறை முகப்புக்கு மட்டும், ஒரு லிட்டர் ஸ்பிரிட்டில் 150 கிராம் அரக்குச் செதிலைக் கரைத்து, பஞ்சு பொதிந்த துணியால் பூசினோம். சூடான டம்ளர் பட்டால் அரக்குப் பாலிஷில் வெள்ளைத் தடம் விழும் என்பதால் மேற்பரப்புக்கு அது ஆகாது.

மேசையின் வலது ஓரத்தில் ஊஞ்சல் வளையம் மாட்டியிருந்த துளை ஒன்று இருக்கிறது. இரும்பு பட்ட இடம் கறுத்து, வளையம் அசைந்து அசைந்து அதன் ஒரு பக்கம் வழவழப்பாகத் தேய்ந்திருக்கிறது. மரத்தூளும் பசையும் குழைத்து அடைத்துவிடலாமா என்று ஆசாரி கேட்டார், வேண்டாம் என்றேன். சிலாம்பு குத்தாதபடி விளிம்பை மட்டும் தேய்த்துவிட்டு, குச்சியில் பஞ்சு சுற்றி உள்ளேயும் நான்கு முறை எண்ணெய் பூசினேன்.